செப்புத் தகட்டில் ஒரு படைத்தலைவர்

திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் கிடைத்த முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடு 31 இதழ்களை உடையது. பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளித்த செய்தியை அது கூறுகின்றது. சோழர் குலவரலாற்றுக்கு அவ்வேடு எத்துணை இன்றியமையாதது என்பதைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். ஆயினும் அதன்கண் ஒரு செய்தி போதிய அளவு கருதப்படவில்லை என்பது நம் எண்ணம். வடமொழிப் பகுதியை யாத்த புலவரின் பெயரையும், எழுத்துகளைச் செம்பில் வெட்டிய காஞ்சிபுரத்துக் கைவினைஞரின் பெயர்களையும் அவ்வேடே பொறித்து வைத்துள்ளது. கொடுத்தவன் பெயர், பெற்றவர் பெயர் என்பவற்றோடு உளி பிடித்தவர் பெயரும் நிலைபெற வேண்டும் என்று அக்காலத்தார் கருதினர். செம்பினைச் சான்றாகக் கொள்ளும் ஆராய்ச்சியாளர், அதனை வெட்டிய கை யாருடையது என்று வினவுதல் முறையே என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வினாவைப் பதினெட்டாம் நூற்றாண்டைச் சார்ந்த வேறொரு செப்புத் தகட்டின்மேல் ஈண்டு எழுப்புகின்றோம். அத்தகட்டில் எழுத்தில்லை, முகம் உண்டு. கருநாடகப் போர்களில் ஆங்கிலக் கம்பெனியின் படையை நடத்திய ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்பாரின் முகம் அது. சர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் தீட்டிய வண்ண ஓவியத்தைப் பின்பற்றி, ரிச்சர்டு ஹூஸ்டன் என்னும் செதுக்குநர் மெசோடிண்ட் முறையிற் செய்த படம். தென்னிந்திய வரலாறு கூறும் நூல்களில் இத்தகைய படங்கள் பல பெருமளவில் எடுத்தாளப்படுகின்றன. படத்தின் அடியில் தலைவர் பெயர் காணப்படும். செதுக்கியவர் பெயரோ பெரும்பாலும் விடப்படும். இவ்விடுபாடு சிறிய குறையன்று.

மெசோடிண்ட் என்பது இன்னது என முதற்கண் விளக்குவாம். பிற செதுக்கு முறைகளில் பளபளப்பான தகட்டின்மீது கோடு கோடாகக் கீறி உருவம் அமைப்பர். இம்முறையிலோ வேலை தலைகீழாக நடைபெறும். பிறை போல் வளைந்த விளிம்பும் அவ்விளிம்பில் நுண்ணிய பற்களும் உடைய ஒரு கருவியைத் தகட்டின்மேல் வைத்துத் தொட்டில் ஆட்டுவதுபோல் முன்னும் பின்னும் ஆட்டுவர். நெடுக்கு, குறுக்கு, மூலைவாட்டு எனப் பல திசைகளிலும் ஆட்டிய பின்னர்த் தகடு முழுவதும் நுண்பிசிறு எழுந்து சொரசொரப்பாகும். அந்நிலையில் மை தடவி அச்சிட்டால் தாள் முழுவதும் ஒரே கருமையாய்த் தோன்றும். அதன்பின்னரே செதுக்குநர் சுரண்டுகத்தியும் மெருகுகோலும் கொண்டு, ஒளி வேண்டிய இடங்களில் பிசிறை மெல்ல மெல்ல அகற்றுவார். எவ்வளவு மழமழப்பாக்குகின்றாரோ அவ்வளவு வெண்மை கிட்டும். நெற்றி, மூக்கின் நுனி, கழுத்துத் துணி ஆகியன இருளினின்று இவ்வாறே வெளிப்படும். முகத்தை வரைதல் என்பதினும் இருளைக் களைதல் என்பதே இத்தொழிலுக்குப் பொருந்தும் பெயர்.

இம்முறையைக் கண்டவர் தாமே ஒரு படையதிகாரியாயிருந்தார் என்பது சுவையான செய்தி. லுட்விக் வான் சீகன் என்னும் அவர் 1642இல் ஹெஸ்ஸ நாட்டு ஆட்சித்தலைவியின் உருவத்தை இம்முறையில் வெளியிட்டார். அவருக்குப் பின் இதனை வளர்த்தவர் இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் அரசன் பக்கம் நின்று குதிரைப்படை நடத்திய ரூப்பர்ட் இளவரசர். போர்வீரர் கையிற் பிறந்த கலை, நூறாண்டு கழித்துப் போர்வீரர் முகங்களை வீடுதோறும் கொண்டுசென்றது. ஜெர்மானிய நாட்டில் தோன்றினும் இங்கிலாந்திலேயே இது பெருவளர்ச்சி பெற்றமையால், பிரெஞ்சுக்காரர் இதனை ஆங்கில முறை என்றே வழங்கினர்.

இக்கலையில் ஒரு பெருங்குறை உண்டு. அச்சுப்பொறியின் அழுத்தத்தால் செம்பின் பிசிறு விரைவில் தேயும். முதலிற் பதிந்த தாள்களில் கருமை வெல்வெட்டுத் துணி போல் ஆழமாய் இருக்கும். நூற்றுக் கணக்கிற் பதியுமுன்னரே அது சாம்பல் நிறமாய் வெளுக்கத் தொடங்கும். அப்பொழுது பதிப்பாளர் தகட்டை மீண்டும் பிசிறெழுப்பிச் செப்பனிடுவிப்பர். செப்பனிடுபவர் முதலிற் செதுக்கியவராகவே இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. ஆகவே ஒரே தகட்டினின்று வந்த இரண்டு தாள்களில் ஒரே முகம் வெவ்வேறு குணம் உடையதாகத் தோன்றக்கூடும். ஓலைச்சுவடிகளிற் பாடவேறுபாடு காணும் நாம் இதனைக் கண்டு வியத்தற்கில்லை. மூலபாடம் எது, பிற்கை எது என ஆய்ந்து துணியும் பயிற்சி தமிழ் மாணவர்க்கு உண்டு. அப்பயிற்சியை ஏட்டோடு நிறுத்தாமல் படத்திற்கும் விரித்தல் வேண்டும்.

இனிச் செதுக்கியவரைப் பற்றி. ரிச்சர்டு ஹூஸ்டன் 1721ஆம் ஆண்டளவில் அயர்லாந்தின் டப்ளின் நகரிற் பிறந்தார். அங்கு ஜான் புரூக்ஸ் என்பாரிடம் தொழில் பயின்றார். இக்கலையிற் பெரும்புகழ் எய்திய ஜேம்ஸ் மெக்கார்டலும் அதே ஆசிரியரின் மாணாக்கரே. 1747ஆம் ஆண்டளவில் ஹூஸ்டன் இலண்டன் சேர்ந்தார். ரெம்பிராண்டின் ஓவியங்கள் சிலவற்றை அவர் மெசோடிண்டில் வடித்தவை இன்றும் போற்றப்படுகின்றன. இருளும் ஒளியும் கலந்த அவ்வோவியங்களுக்கு இம்முறையினும் ஏற்றது வேறொன்றில்லை. கைத்திறம் மிக்கவர்; ஆயின் ஒழுக்கத்தில் தளர்ந்தவர், சோம்பல் உடையவர் என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். ராபர்ட் சேயர் என்னும் படவணிகர் அவருக்கு முன்பணம் கொடுத்திருந்தார். வேலை நடவாமை கண்ட வணிகர், கடனுக்காக அவரைச் சிறைப்படுத்தி இலண்டனில் உள்ள பிளீட் சிறையில் இருத்தினார். ஆளைத் தேடி அலையாமல் கண்முன்னே வைத்திருப்பதற்கே அவ்வாறு செய்ததாக அவ்வணிகர் காரணம் கூறினாராம். 1760இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பட்டம் ஏறியபொழுதே ஹூஸ்டன் விடுதலை பெற்றார்.

சோம்பல் என்னும் குற்றச்சாட்டை நாம் அப்படியே ஏற்கத் தயங்குகின்றோம். கடன் கொடுத்தவர் கூற்றே கடன்பட்டவர் வரலாறாக எழுதப்பட்டு வந்திருக்கின்றது. ஒரு தகட்டைப் பிசிறெழுப்புதற்கே பல நாள் உழைப்பு வேண்டும். அதன் பயனோ தகடு யாரிடம் உள்ளதோ அவருக்கே உரியது. ஓவியருக்குப் புகழ், வணிகருக்குப் பொருள், செதுக்குநர்க்கு ஒரே ஒரு முறை கூலி என்பதே அந்நாளைய வழக்கம்.

ரெனால்ட்ஸ் ஓவியம் தீட்டிய காலமும் ஹூஸ்டன் சிறை மீண்ட காலமும் நெருங்கியவை. 1759இல் இங்கிலாந்து சென்ற லாரன்ஸ் 1761இல் மேஜர் ஜெனரல் என்னும் உயர்பதவியோடு சென்னைக்கு மீண்டார். இடைப்பட்ட ஆண்டுகளிலேயே அவர் ஓவியர் முன் அமர்ந்தார். ஏழாண்டுப் போரின் வெற்றிகளால் களித்திருந்த இலண்டன் மக்கள் தலைவர்களின் முகங்களை விலை கொடுத்து வாங்கிய காலம் அது. கியூபெக் வெற்றியில் மாண்ட உல்ஃப் என்னும் தளபதியின் படத்தையும் ஹூஸ்டனே செதுக்கினார். கனடாவில் மாண்டவரும் திருச்சிராப்பள்ளியில் வென்றவரும் ஒரே கையால் ஒரே இருளினின்று வெளிக்கொணரப்பட்டனர். தமிழகத்தை ஒருபொழுதும் காணாத கை அது.

லாரன்ஸ் யாவர்? பெயர் ஒப்புமையால் இவரை நீலகிரியில் லவ்டேல் பள்ளிக்குப் பெயர் தந்த ஹென்றி லாரன்ஸ் என மயங்குவார் உளர். அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டினர், வேறானவர். ஸ்டிரிங்கர் லாரன்ஸ் ஐரோப்பியப் போர்களிற் பயின்று, ஐம்பது வயதளவில், 1748இல் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்தார். அதே ஆண்டில் புதுச்சேரி முற்றுகையின்போது அரியாங்குப்பத்தில் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார் என்பதை அவர் புகழ் பாடுவோர் விரைந்து கடந்து செல்வர். 1749இல் தேவிக்கோட்டையைக் கைப்பற்றினார். 1752, 1753ஆம் ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளியைச் சூழ நடந்த போர்களே அவர் பெயரை நிலைநாட்டின. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை லாலி சென்னையை முற்றுகையிட்டபோது கோட்டைக் காவற்படைக்கு அவரே தலைவர். கிளைவு அவரைத் தம் ஆசிரியராகப் போற்றினார். கம்பெனி தமக்கு வழங்கிய மணியிழைத்த வாளை, லாரன்ஸுக்கும் ஒன்று வழங்கினாலன்றி ஏற்கமாட்டேன் என்றார். சென்னைப் படையின் தந்தை என்பது பின்னாளில் லாரன்ஸுக்கு வழங்கிய சிறப்புப்பெயர்.

தந்தை என்றால் மக்கள் யாவர்? இவ்வினாவிலேதான் நம் கட்டுரையின் உட்கிடை அடங்கியுள்ளது. திருச்சிப் போர்களில் லாரன்ஸின் வலக்கையாய் நின்றவர் இராமநாதபுரச் சீமைப் பனையூரிற் பிறந்த யூசுப் கான். உணவுப்பொருள் ஏற்றிய வண்டிகளைப் பகைவர் நடுவே கொண்டுவந்து சேர்த்தவர். 1754இல் சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவராக்கப்பட்டவர். லாலியின் முற்றுகையின்போது பரங்கிமலைப் பக்கத்தில் வெளியே நின்று பகைவரை அலைக்கழித்தவர். ரிச்சர்டு ஓவன் கேம்பிரிட்ஜ் 1761இல் வெளியிட்ட இந்தியப் போர் வரலாற்றில் லாரன்ஸின் சொந்தக் குறிப்புகள் இடம்பெற்றுள்ளன. அவற்றில் யூசுப் கானின் ஆற்றலை அவர் மனமுவந்து பாராட்டுகின்றார். மூன்றாண்டுகளுக்குள் நிலைமை மாறிற்று. ஆர்க்காட்டு நவாபோடு மாறுபட்டு மதுரையைத் தம் ஆட்சியில் நிறுத்த முயன்ற யூசுப் கானைக் கம்பெனிப் படை முற்றுகையிட்டது. 1764 அக்டோபர் 15ஆம் நாள் அவர் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அந்நாளில் சென்னையிற் படைத்தலைமை லாரன்ஸிடமே இருந்தது. ஒருவருக்கு இலண்டனில் செப்புத் தகடு. மற்றவருக்குப் பாண்டி நாட்டு மக்கள் பாடிய கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடல். இரண்டும் நினைவுச் சின்னங்களே. பாடல் வீழ்ச்சியையும் பாடிற்று. தகட்டிற்கு அவ்வாற்றல் இல்லை.

பண்டைத் தமிழர் வீரர்க்கு எடுத்த கல்லைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என நிரல்படக் கூறும். அக்கல் போரில் வீழ்ந்தவனுக்கு உரியது. வீழ்ந்த இடத்தை அடுத்தோ அவன் ஊரிலோ நிற்பது. பெயரும் பீடும் எழுதப்பெறுவது. அவன் வேந்தனாயிருத்தல் வேண்டும் என்னும் வரையறை அங்கில்லை. ஆநிரை மீட்டு மாண்ட சிற்றூர் வீரனுக்கும் அச்சிறப்பு உரித்தாயிற்று. மெசோடிண்ட் படம் இதற்கு மாறானது. அது வென்று மீண்டவனுக்கு உரியது. களத்தினின்று ஆயிரம் காவதம் அப்பால் விற்கப்படுவது. இவ்வொப்பீட்டைப் பழம்பெருமை பேசுதற்காக நாம் கூறவில்லை. நினைவுச்சின்னம் ஒவ்வொன்றும் யாரை நினைக்கத் தகுந்தவராகக் கருதுகின்றது என்பதைக் கொண்டே அதன் சான்றுத்தன்மையை அளத்தல் வேண்டும் என்பதற்காகவே கூறினோம்.

லாரன்ஸ் அமைத்த படைமுறை திருவள்ளூர் மண்ணிற் பட்ட பாட்டை இனி நோக்குவோம். 1763இல் ஆர்க்காட்டு நவாபு பூந்தமல்லி, பொன்னேரி முதலிய பகுதிகளை உள்ளடக்கிய செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்குச் சாகீராக அளித்தார். 1997இல் செங்கற்பட்டினின்று பிரிக்கப்பட்ட திருவள்ளூர் மாவட்டத்தின் பல ஊர்கள் அதனுள் அடங்கியவை. 1766இல் லாரன்ஸ் பணி நீங்கினார். பதினான்கு ஆண்டு கழித்து, 1780 ஜூலையில், ஐதர் அலி பெரும்படையோடு கணவாய் வழியே இறங்கினார். குண்டூரினின்று தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்த கர்னல் வில்லியம் பெய்லியின் படை ஆகஸ்டு பிற்பகுதியில் கும்மிடிப்பூண்டியில் தங்கியிருந்தது. அஃது ஏறத்தாழ 2,800 பேர் கொண்டது. பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். காஞ்சிபுரத்தில் சர் ஹெக்டர் மன்றோவோடு சேருமாறு பெய்லிக்கு ஆணை வந்தது.

கும்மிடிப்பூண்டி சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர்த் தொலைவில் உள்ளது. இன்று சிப்காட் தொழிற்பேட்டையால் அறியப்படும் ஊர் அது. இரும்பு ஏற்றிய சரக்குந்துகள் செல்லும் அதே வடதிசைப் பெருவழி அன்றும் படைகள் நடந்த வழி. அங்கிருந்து மேற்கும் தெற்குமாகத் திரும்பிய பெய்லி ஆகஸ்டு 25இல் கொசத்தலையாற்றை அடைந்தார். கொற்றலையாறு எனவும் வழங்கும் அவ்வாறு அன்று கடத்தற்கு எளிதாயிருந்தது. அவரோ வடகரையிலேயே தங்கினார். இரவில் வெள்ளம் பெருகிற்று. செப்டம்பர்த் தொடக்கத்திலேதான் படை அக்கரை சேர முடிந்தது. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஓர் ஆறு ஒரு வாரத்திற்கு மேலாகப் படையை மறித்து நின்றது. தென்னாட்டுப் போர்களின் போக்கைத் தளபதியரின் திறமையாலேயே விளக்க முயல்வோர் இவ்வாற்றை மறத்தலாகாது.

செப்டம்பர் 6ஆம் நாள் திருவள்ளூரை அடுத்த பேரம்பாக்கத்தருகே திப்பு பெய்லியைத் தாக்கினார். அடி பலமாயினும் படை கலையவில்லை. மன்றோ இருந்த காஞ்சிபுரம் அங்கிருந்து ஒரு நாள் நடைத் தொலைவே. மன்றோ தாம் நகராமல், பிளெட்சர் என்பார் தலைமையில் ஏறத்தாழ ஆயிரவரைத் துணைக்கு அனுப்பினார். அவர்களும் சேர்ந்து செல்லுங்கால் செப்டம்பர் 10ஆம் நாள் புள்ளலூரில் ஐதரும் திப்புவும் அவர்களைச் சூழ்ந்தனர். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. ஏவுகணைகள் வரிசைகளைக் குலைத்தன. பெய்லி சரணடைந்தார். செய்தி அறிந்த மன்றோ பெரும் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு நோக்கி ஓடினார்.

புள்ளலூர் என்னும் பெயர் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. மகேந்திரவர்ம பல்லவன் அவ்வூரிற் பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு கூறும். பகைவர் இன்னார் என்று அவ்வேடு பெயர் சுட்டவில்லை. இரண்டாம் புலிகேசி என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. வென்றவனைப் பெயரிட்டுத் தோற்றவனை மறைத்தல் செம்புக்கு அன்றே வழக்கமாயிருந்தது.

1780ஆம் ஆண்டுப் போரின் ஓவியம் ஒன்று தோற்றவரைத் தெளிவாகக் காட்டுகின்றது. அது மெசோடிண்ட் அன்று. சீரங்கப்பட்டணத்தில் திப்பு 1784இல் எழுப்பிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் தீட்டப்பட்ட பெருஞ்சுவரோவியம். ஆங்கிலக் காலாட்கள் சதுரமாய் நிற்க, நடுவே பல்லக்கில் பெய்லி அமர்ந்திருக்க, மேலே வெடிமருந்து வண்டி தீப்பிழம்பாய்ச் சிதறுகின்றது. இலண்டன் படங்களில் தனி ஒருவரின் முகமே போர். இங்கோ குதிரை, யானை, பீரங்கி, காலாள் எனக் களம் முழுவதும் போர். ஆயினும் இவ்வோவியத்தையும் நாம் எச்சரிக்கையோடு நோக்குதல் வேண்டும். 1799இல் திப்பு மாண்டபின் அம்மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லியின் ஆணையால் அது புதுப்பிக்கப்பட்டது. டல்ஹவுசிப் பிரபுவின் காலத்தில் மீண்டும் தீட்டப்பட்டது. தேய்ந்த தகட்டைப் பிறர் செப்பனிட்டது போலவே, சிதைந்த சுவரையும் பகைவரே செப்பனிட்டனர். இன்று நாம் காணும் கோடுகளில் எவை மைசூர் ஓவியர் கை, எவை பின்வந்தோர் கை என்பதைத் தனியே ஆராய்தல் தகும்.

இரு சான்றுகளிலும் ஒரு பொதுக்குறை காணப்படுகின்றது. புள்ளலூர்ப் போரில் இருந்த ஐரோப்பிய அதிகாரிகள் 86 பேர் என்றும், அவருள் 36 பேர் இறந்தனர் என்றும் வில்க்ஸின் மைசூர் வரலாறு தலையெண்ணிக் கூறும். சிறைப்பட்டவருள் டேவிட் பேர்டு என்னும் இளந்தலைவர் 1799இல் சீரங்கப்பட்டணத்தைத் தாக்கிய படையை நடத்திப் பெரும்புகழ் பெற்றார். பெய்லி 1782 நவம்பரில் சிறையிலேயே இறந்தார். அவருக்கு அங்கு நினைவு மண்டபம் உண்டு. கும்மிடிப்பூண்டியினின்று நடந்து, கொசத்தலையாற்றைக் கடந்து, பேரம்பாக்கத்தில் அடிபட்டுப் புள்ளலூரில் மாண்ட சிப்பாய்கள் எண்ணிக்கையாகவே நின்றுவிட்டனர். மைசூர்ச் சுவரிலும் அவர்கள் ஒரே அச்சில் வார்த்த முகங்களே. கொல்லப்பட்டவர் எம்மொழியினர் என்று அச்சுவர் வேறுபடுத்திக் காட்டவில்லை.

மறு ஆண்டில் சர் அயர் கூட் திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர்க் கோட்டையை 1781 ஆகஸ்டு 22இல் கைப்பற்றி, 27ஆம் நாள் அதே புள்ளலூர்க் களத்தில் ஐதரோடு பொருதார். வெற்றி எவர்க்கும் முழுமையாகக் கிட்டவில்லை. தேவாரப் பாடல் பெற்ற திருப்பாச்சூரை ஆங்கிலப் போர்க்குறிப்புகள் திரிபசூர் என்றும், புள்ளலூரைப் பொள்ளிலூர் என்றும் எழுதுகின்றன. அவ்வடிவங்களை அப்படியே தமிழில் பெயர்த்தெழுதி இல்லாத ஊர்களைப் படைத்துக்கொண்ட நூல்களும் உள்ளன. இப்பகுதியில் ஆய்வு மேற்கொள்ளும் முதுகலை மாணவர் முதற்கண் ஊர்ப்பெயர்களைத் தரையோடு பொருத்திப் பார்ப்பாராக.

லாரன்ஸ் 1775 ஜனவரி 10ஆம் நாள் இலண்டனில் இறந்தார். கம்பெனியார் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அவருக்குச் சலவைக்கல்லில் நினைவுச்சின்னம் எழுப்பினர். அதே ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள், அதே நகரில், ரிச்சர்டு ஹூஸ்டன் இறந்தார்.